நீதிபதி டால்ஃபோர்ட்: தாய்க்காகவும் எழுத்தாளனுக்காகவும் வாதாடியவர்

1804இல் லண்டன் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்துக்கு ஒரு தாயின் வழக்கு வந்தது. கணவர் பிரெஞ்சுக்காரர், மனைவி ஆங்கிலேயர். கணவரின் கொடுமை தாங்காமல் அந்தப் பெண் எட்டு மாதக் குழந்தையோடு பிரிந்து போயிருந்தார். கணவர் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். குழந்தையைத் திரும்பத் தரச் சொல்லுங்கள் என்று தாய் கேட்டார். தலைமை நீதிபதி எல்லன்பரோ மறுத்துவிட்டார். குழந்தை சட்டப்படி தந்தைக்கு உரியது, அதற்கு ஆபத்து என்று காட்டாதவரை நீதிமன்றம் தலையிடாது என்பதுதான் தீர்ப்பு. டி மானவில் வழக்கு என்று சட்ட நூல்களில் இதைப் பார்க்கலாம்.

அன்றைய இங்கிலாந்தில் இந்தத் தீர்ப்பு யாருக்கும் புதுமையாகப் பட்டிருக்காது. முறையான திருமணத்தில் பிறந்த குழந்தையின் மேல் தந்தைக்கு மட்டும்தான் உரிமை. அவர் பிள்ளைகளை யாரிடம் வேண்டுமானாலும் விட்டு வளர்க்கலாம், தாயின் கண்ணில் காட்டாமலே வைத்திருக்கலாம். 1836இல் கிரீன்ஹில் என்ற இன்னொரு வழக்கு. கணவருக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருந்தது. மனைவி மேல் ஒரு குற்றமும் கிடையாது. மூன்று பெண் குழந்தைகள், மூத்தவளுக்கே ஆறு வயது ஆகவில்லை. அப்படியும் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்கத்தான் உத்தரவு வந்தது. அந்தத் தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாட்டை விட்டே போய்விட்டார். அப்போது தலைமை நீதிபதியாக இருந்த டென்மன் பிரபு, பிறகு பிரபுக்கள் சபையில் பேசும்போது, அந்த வழக்கில் சட்டத்தின் நிலையை நினைத்து வெட்கப்படாத நீதிபதி ஒருவர்கூட இருக்கவில்லை என்றார்.

நீதிபதிகள் வெட்கப்பட்டார்கள், சரி. சட்டத்தை யார் மாற்றுவது? அதைச் செய்ய முன்வந்தவர் தாமஸ் நூன் டால்ஃபோர்ட். வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர், நாடக ஆசிரியர், கடைசியில் நீதிபதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சட்ட வரலாற்றில் ப்ரூம், லிண்ட்ஹர்ஸ்ட், டென்மன் என்று பெரிய பெயர்கள் நிறைய உண்டு. அவர்களுக்கெல்லாம் பின்வரிசையில் நிற்பவர் இவர். ஆனால் அந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். தனக்கு ஆதாயமே இல்லாத வழக்குகளைத் தன் வழக்காக எடுத்துக்கொண்டவர் என்பதே காரணம்.

1795 மே 26 அன்று பிறந்தார். ஊர் ரெடிங். லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதியோரம் இருக்கும் ஊர். அப்பாவுக்கு பீர் காய்ச்சும் தொழில். குடும்பம் இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவக் குடும்பம், அம்மாவின் அப்பா அந்தப் பிரிவின் போதகர். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு அன்றைக்கு ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் எளிதில் எட்டாத இடங்கள். டால்ஃபோர்ட் இரண்டுக்கும் போகவில்லை. ரெடிங் பள்ளியில் டாக்டர் வால்பி என்ற புகழ்பெற்ற தலைமையாசிரியரிடம் கிரேக்கமும் கவிதையும் படித்தார். 1813இல் லண்டனுக்கு வந்து ஜோசப் சிட்டி என்ற சட்ட நிபுணரிடம் தொழில் கற்றுக்கொண்டார். வழக்கு மனுக்களை அச்சுப் பிசகாமல் எழுதித் தருவதில் சிட்டி பெரிய கை. பகலில் மனு எழுதுவது, இரவில் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதுவது என்று இளமை போனது. 1821இல் பாரிஸ்டர் ஆனார். நீதிபதிகள் ஊர் ஊராகப் போய் நடத்தும் ஆக்ஸ்போர்டு சுற்று நீதிமன்றங்களில் வாதாடிக்கொண்டே, அங்கே நடக்கும் வழக்குகளை டைம்ஸ் பத்திரிகைக்குச் செய்தியாகவும் எழுதினார். 1833இல் சார்ஜென்ட் பட்டம் கிடைத்தது. பொதுச் சிவில் வழக்குகளுக்கான காமன் ப்ளீஸ் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமையைத் தங்கள் கையிலேயே வைத்திருந்த மூத்த வழக்கறிஞர்களின் பழைய குழு அது. 1835இல் சொந்த ஊரான ரெடிங்கிலிருந்தே நாடாளுமன்றத்துக்குப் போனார்.

அடுத்த வருடம் நாடே வேடிக்கை பார்த்த ஒரு வழக்கு வந்தது. ஜார்ஜ் நார்ட்டன் என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், தன் மனைவி கரோலினோடு கள்ள உறவு வைத்திருந்ததாகப் பிரதமர் மெல்போர்ன் மீதே நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். கரோலின் நார்ட்டன் பெயர்பெற்ற கவிஞர், நாடக ஆசிரியர் ஷெரிடனின் பேத்தி. கணவர் அடிக்கிற ஆள். வழக்குக்கு முன்பே மூன்று மகன்களையும் அவரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்விட்டார். 1836 ஜூன் 22 அன்று விசாரணை. மெல்போர்ன் தரப்பில் நின்ற வழக்கறிஞர்களில் டால்ஃபோர்டும் ஒருவர். நார்ட்டன் தரப்பு சாட்சிகள் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஆட்கள், குடிகாரர்கள். ஆதாரம் என்று காட்டிய கடிதங்களில் ‘நாலரை மணி வாக்கில் வருகிறேன்’ என்ற மாதிரி வரிகள்தான் இருந்தன. ஜூரி எழுந்து போய்க் கலந்துபேசக்கூட இல்லை, மெல்போர்ன் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அன்று நீதிமன்றத்தில் உட்கார்ந்து செய்தி எழுதியவர்களில் சார்லஸ் டிக்கன்ஸ் என்ற 24 வயது நிருபரும் இருந்தார். டிக்கன்ஸின் பிக்விக் நாவலில் கட்லெட்டையும் தக்காளிச் சாஸையும் பற்றிய ஒரு கடிதத்தைக் காதல் கடிதமாக்கி வக்கீல் முழங்குவாரே, அந்தக் காட்சிக்கு விதை இங்கேதான் விழுந்தது என்று பலரும் சொல்வார்கள்.

வழக்கில் மெல்போர்ன் ஜெயித்தார். கரோலின் பக்கம் பார்த்தால் எல்லாமே நஷ்டம். வழக்கில் அவர் ஒரு தரப்பே கிடையாது. சாட்சி சொல்லக்கூட இடமில்லை. அவர் குற்றமற்றவர் என்று ஜூரி சொன்ன பிறகும் பிள்ளைகள் தந்தையிடம்தான் இருந்தார்கள். பாவம், அவர் செய்யக்கூடியது எழுதுவது ஒன்றுதான். பிள்ளைகள் மேல் தாய்க்குள்ள உரிமை பற்றித் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். பெண் எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்று 1839இல் பியர்ஸ் ஸ்டீவன்சன் என்ற ஆண் பெயரில்கூட ஒன்று வெளியிட்டார். அந்தக் குரலை அவைக்குள் கொண்டுபோனவர் டால்ஃபோர்ட்.

1837இல் மசோதாவைக் கொண்டுவந்தார். அது முடிவுக்கு வரவில்லை. 1838இல் மறுபடி கொண்டுவந்தார். கீழவையில் தேறியது, பிரபுக்கள் சபையில் தோற்றது. அங்கே எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ப்ரூம் பிரபு. பெண்களுக்கு எதிராகச் சட்டத்தில் எத்தனையோ கொடுமைகள் இருக்கின்றன என்று அவரே ஒத்துக்கொண்டார். அவ்வளவும் இருக்கும்போது இது ஒன்றை மட்டும் மாற்றி என்ன ஆகப்போகிறது என்பது அவருடைய வாதம். அநியாயம் மலையாகக் குவிந்திருப்பதையே, அதில் ஒரு கல்லைக்கூட எடுக்காமல் இருக்கக் காரணமாகச் சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. அடிமை வணிகத்தை எதிர்த்த, கல்விக்காகப் போராடிய மனிதர் சொன்ன வாதம் அது என்பதால் கோபம் இரட்டிப்பாகிறது. வெளியே பத்திரிகைகள் கரோலினை இழிவாக எழுதின. குடும்பத்தையே உடைக்கும் சட்டம், இனி மனைவிகள் சின்னச் சண்டைக்கெல்லாம் வீட்டை விட்டுப் போய்விடுவார்கள் என்று பயம் காட்டினார்கள்.

டால்ஃபோர்ட் விடவில்லை. 1839இல் மூன்றாவது முறை. பிரபுக்கள் சபையில் லிண்ட்ஹர்ஸ்ட் பிரபு பொறுப்பேற்று நடத்திக்கொடுக்க, சட்டம் நிறைவேறியது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் தரும்படி குழந்தைகள், சொத்து போன்ற வழக்குகளைப் பார்த்த சான்சரி நீதிமன்றத்தில் தாய் மனுச் செய்யலாம். மற்றப் பிள்ளைகளைப் பார்க்க அனுமதி கேட்கலாம். அவ்வளவுதான். கள்ள உறவு நிரூபிக்கப்பட்ட தாய்க்கு அதுவும் கிடையாது. சான்சரியில் வழக்கு நடத்தக் காசு வேண்டும் என்பதால் ஏழைத் தாய்க்கு இது ஏட்டுச் சுரைக்காய். கேட்கும் உரிமைதானே தவிர, பெறும் உரிமை இல்லை. இருந்தாலும், திருமணமான ஒரு பெண்ணுக்குத் தன் பிள்ளைகள் விஷயத்தில் கணவனுக்கு எதிராக நீதிமன்றப் படியேற வழி செய்த முதல் இங்கிலாந்துச் சட்டம் இது. 1873இல் வயது வரம்பை 16 ஆக உயர்த்தியபோது கட்டினது இந்த அடித்தளத்தின் மேல்தான்.

இந்தச் சட்டம் கரோலின் நார்ட்டனுக்கே உதவவில்லை என்பது இதில் மிகக் கசப்பான பகுதி. கணவர் பிள்ளைகளை ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே இங்கிலாந்து நீதிமன்றத்தின் கை எட்டாது. 1842இல் கடைசி மகன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்தான். சாதாரணக் காயம், கவனிக்காமல் விட்டதில் உடம்பு விஷமேறிவிட்டது. தாய்க்குச் சொல்லியனுப்பி அவர் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை இறந்துவிட்டான். அதன் பிறகுதான் மற்ற இரண்டு மகன்களோடு இருக்க அவருக்கு வழி பிறந்தது.

டால்ஃபோர்டின் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் இவரைப் புரிந்துகொள்ள முடியாது. இருபது வயதில், 1815இல், வேர்ட்ஸ்வொர்த்தைப் பெரிய கவிஞர் என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வேர்ட்ஸ்வொர்த்தைக் கிண்டலடிப்பதுதான் விமர்சகர்களுக்கு அன்று வழக்கம். கட்டுரையாளர் சார்லஸ் லாம் டால்ஃபோர்டை வேர்ட்ஸ்வொர்த்திடம் ‘என்னுடைய ஒரே ரசிகர்’ என்று சொல்லி அறிமுகம் செய்துவைத்தாராம். லாமோடு ஏற்பட்ட அந்த நட்பு கடைசிவரை நின்றது. 1834இல் லாம் இறந்த பிறகு, அவருடைய கடிதங்களைத் தொகுத்து வாழ்க்கைக் குறிப்போடு 1837இல் வெளியிட்டவர் டால்ஃபோர்ட்தான்.

அந்தத் தொகுப்பில் அவர் ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லாமல் விட்டார். 1796இல் லாமின் அக்கா மேரி, மனநிலை பிறழ்ந்த ஒரு கணத்தில், கத்தியால் பெற்ற தாயையே குத்திக் கொன்றுவிட்டார். லாமுக்கு அப்போது 21 வயது. அக்காவை வாழ்நாள் முழுக்க ஒரு மனநோய் விடுதியில் அடைத்துவிடாமல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்று, கல்யாணமே செய்துகொள்ளாமல் கடைசிவரை கூடவே வைத்திருந்தார். லாமின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான செய்தி கிடையாது. ஆனால் 1837இல் மேரி உயிரோடு இருந்தார். டால்ஃபோர்ட் வாய் திறக்கவில்லை. 1847இல் மேரி இறந்த பிறகு, 1848இல் வந்த இரண்டாவது தொகுப்பில்தான் முழுவதையும் சொன்னார். கடிதங்களில் கைவைத்துத் திருத்தினார், விட்டுவிட்டுப் பதிப்பித்தார் என்று பின்னால் வந்தவர்கள் அவரைக் குறை சொல்வார்கள். பதிப்பாசிரியராக அந்தக் குறை உண்மைதான். ஆனால் ஒரு வயதான பெண்மணி தன் பெயரைப் புத்தகத்தில் அப்படிப் பார்க்கக் கூடாது என்று பதினோரு வருடம் காத்திருந்தாரே, அதை நான் மதிக்கிறேன்.

நாடகமும் எழுதினார். பழைய கிரேக்கப் பாணியில் எழுதிய அயன் என்ற சோக நாடகம் 1836இல், சரியாக அவருடைய பிறந்தநாளன்று, காவென்ட் கார்டனில் அரங்கேறியது. மக்ரெடி நாயகனாக நடித்தார். நல்ல வரவேற்பு. எனக்கென்னவோ அதில் பேச்சு அதிகம், நாடகம் குறைவு. அன்றிரவு டால்ஃபோர்ட் வீட்டில் நடந்த விருந்துதான் நாடகத்தைவிட முக்கியம். கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த்தும் லாண்டரும் உட்கார்ந்திருந்த மேசையில், இன்னும் பெயர் பெறாத இளம் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கையும் வாழ்த்திக் கோப்பையை உயர்த்தினார் டால்ஃபோர்ட். அன்றிரவே மக்ரெடி பிரௌனிங்கிடம் எனக்கு ஒரு நாடகம் எழுதுங்கள் என்று கேட்க, ஸ்ட்ராஃபர்ட் நாடகம் பிறந்தது. பிரௌனிங் பிறகு பிப்பா பாஸஸை டால்ஃபோர்டுக்குச் சமர்ப்பணம் செய்தார். 1841இல் ஷெல்லியின் குவீன் மாப் கவிதையை வெளியிட்டதற்காகப் பதிப்பாளர் மாக்ஸன் மீது தெய்வ நிந்தனை வழக்கு வந்தபோதும் அவருக்காக வாதாடியவர் இவர்தான். ஜூரி குற்றவாளி என்றது, ஆனால் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை.

1849இல் காமன் ப்ளீஸ் நீதிபதியானார், சர் பட்டமும் சேர்ந்து வந்தது. நீதிபதியாக அவர் இருந்தது ஐந்து வருடம்கூட இல்லை. 1854 மார்ச் 13 அன்று ஸ்டாஃபோர்ட் நகரில் சுற்று நீதிமன்றம். எந்த வழக்குகளை விசாரணைக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரிக்கு வழக்கம்போல முன்னுரை வழங்கினார். அந்த மாவட்டத்தில் குற்ற வழக்குகள் ஏராளமாகக் குவிந்திருந்தன, குடிபோதையில் நடந்தவை பல. இதற்கெல்லாம் காரணம் என்ன என்று பேசத் தொடங்கியவர், முதலாளிக்கும் தொழிலாளிக்கும், எஜமானுக்கும் வேலைக்காரருக்கும் நடுவே பரிவே இல்லாமல் போனதைச் சொன்னார். வர்க்கத்தோடு வர்க்கம் கலக்க இந்தச் சமுதாயத்துக்கு இல்லாமல் போனது எது என்று கேட்டால், ஒரே சொல்லில் பரிவு என்பேன் என்றார். பேசிக்கொண்டிருந்தபோதே தலை முன்னால் சாய்ந்தது. மூளையில் ரத்தக் கசிவு. 58 வயது. மாவட்டத்துக் கனவான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்; கூண்டில் ஏறப்போகிறவர்களைப் பற்றித்தான் நீதிபதி முன்னுரை சொல்வார் என்று எதிர்பார்க்கிறார்கள். அவரோ கேள்வியை அந்தக் கனவான்கள் பக்கமே திருப்பினார். டிக்கன்ஸ் தன் வார இதழில் அஞ்சலி எழுதினார்.

இனி பதிப்புரிமை. அவருடைய பெயர் இன்றைக்கும் அதிகம் அடிபடுவது இந்த விஷயத்தில்தான். இதில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை.

1814ஆம் வருடச் சட்டப்படி ஒரு புத்தகத்துக்கு 28 வருடம், அல்லது ஆசிரியர் உயிரோடு இருக்கும்வரை, எது அதிகமோ அது பதிப்புரிமை. 1837 மே மாதம் டால்ஃபோர்ட் கேட்டது ஆசிரியரின் ஆயுளும், இறந்த பிறகு இன்னும் 60 வருடமும். அவர் கண்முன்னே இருந்த உதாரணம் வேர்ட்ஸ்வொர்த். இளமையில் எழுதியது கிழவரானதும்தான் விற்கத் தொடங்கியது. விற்கத் தொடங்கும்போது உரிமை முடியப்போகிறது. காலத்தை மீறி எழுதுகிறவனுக்குத்தான் இந்தச் சட்டம் தண்டனை என்றார் டால்ஃபோர்ட். வேர்ட்ஸ்வொர்த்தே மனுப் போட்டார், கார்லைலும் போட்டார். மலிவுப் பதிப்பு போடும் பதிப்பாளர்கள் எதிர்த்தார்கள். அந்த வருடம் வெளிவந்த பிக்விக் நாவலை, எழுத்தாளர்களுக்காக இவர் எடுத்த முயற்சிக்கு நன்றியாக, டிக்கன்ஸ் டால்ஃபோர்டுக்கே சமர்ப்பணம் செய்தார்.

வருடா வருடம் மசோதா வந்தது, வருடா வருடம் நின்றது. 1841 பிப்ரவரி 5 அன்று எழுந்து பேசியவர் மெக்காலே. நம் ஊரில் கல்விக் குறிப்புக்காக இன்றும் திட்டு வாங்குகிற அதே மெக்காலே. பதிப்புரிமை என்பது எழுத்தாளருக்குப் பரிசு கொடுப்பதற்காக வாசகர் மேல் போடும் வரி என்றார். பரிசு தேவைதான், ஆனால் இறந்து 60 வருடம் கழித்து யாரோ ஒருவர் கையில் போய்ச் சேரும் காசு, எழுதும்போது அந்த எழுத்தாளனுக்கு என்ன ஊக்கம் தரும்? அப்புறம், பேரனுக்குத் தாத்தாவின் நூல் பிடிக்காமல் போனால்? அச்சிடவே விடமாட்டேன் என்றால்? கவிஞர் மில்டனின் பேத்தி வறுமையில் இருந்தபோது, தாத்தாவின் பாரடைஸ் லாஸ்ட் காவியத்தின் உரிமை அவரிடம் இல்லை, புத்தக வியாபாரியிடம் இருந்தது என்று நினைவூட்டினார். மசோதா 38க்கு 45 என்ற வாக்கில் தோற்றது. மெக்காலே சொன்ன ஒவ்வொன்றும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

1842இல் சட்டம் வந்தபோது டால்ஃபோர்ட் அவையில் இல்லை. மஹன் பிரபு முன்னெடுக்க, 42 வருடம் அல்லது இறந்தபின் ஏழு வருடம், எது அதிகமோ அது என்று சமரசமானது. உரிமை கையில் இருந்தும் காப்பாற்றுவது எளிதில்லை என்று அடுத்த ஒன்றரை வருடத்தில் தெரிந்தது. 1844இல் கிறிஸ்துமஸ் கரோலைத் திருட்டுப் பதிப்புப் போட்டவர்கள் மேல் டிக்கன்ஸ் வழக்குப் போட்டார். வாதாடியவர் டால்ஃபோர்ட். வழக்கில் ஜெயித்தார்கள். திருடர்கள் திவாலாகிவிட, செலவு சுமார் 700 பவுண்டு டிக்கன்ஸ் தலையில் விழுந்தது.

அந்தச் சட்டம் கடல் தாண்டி நமக்கும் வந்தது. 1847இல் கம்பெனி ஆட்சியில் இந்தியாவுக்கென்று போடப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தில் அதே 42 வருடம், அதே ஏழு வருடம். பிறகு இறந்தபின் 50 வருடம் ஆனது. 1992இல், தாகூர் நூல்களின் உரிமை முடியப்போன நேரத்தில், அதை 60 ஆக்கினார்கள். டால்ஃபோர்ட் கேட்டு மறுக்கப்பட்ட அதே கணக்கு இன்று இந்தியச் சட்டம்.

தமிழ்நாடு இதில் வேறு ஒரு வழியும் கண்டது. 1949இல் பாரதியின் படைப்புகளை அரசே வாங்கியது, குடும்பத்துக்குப் பணம் கொடுத்தது. இல்லாவிட்டால் 1971 முடியும்வரை யாராவது ஒருவர் கையில் அவை இருந்திருக்கும். அதற்குப் பிறகு நாட்டுடைமையான எழுத்தாளர்கள் பலர். அந்த நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம். வாரிசுகளுக்குத் தரும் தொகை நியாயமாக இருக்க வேண்டும் என்று டால்ஃபோர்ட் நிச்சயம் சண்டை போட்டிருப்பார், அந்தச் சண்டையில் நான் அவர் பக்கம் நிற்பேன். ஆனால் 60 வருடம் காத்திருக்கச் சொல்லாமல் புத்தகத்தை வாசகர் கையில் கொடுக்கிற இந்த வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது.